பத்து ரூபாய்க்குக் கொடுக்கப்பட்ட சிறுமி - மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்



மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்ற பெயரை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். கல்யாண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான் இருந்தது. அப்புறம் 2022-ல் வந்த உயர்கல்வித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான். ஆனா அவர் யாரு, என்ன செஞ்சாருன்னு கேட்டா நம்மில் பலர் முழிப்போம். அதனால்தான் இந்த மாதம் நான் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். எங்கள் தமிழம்மா அவர் எழுதிய நாவலையும், அவர் எழுத்துக்கள், பேச்சுகள் பற்றிய ஒரு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டு பிறந்தார். வீட்டில் ரொம்ப வறுமை. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவால் சமாளிக்க முடியவில்லை. ஐந்து வயதுக் குழந்தையைப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் ஒரு தேவதாசிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள மூவலூரில் அவர் வளர்ந்ததால் அந்த ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தேவதாசி என்றால் என்ன என்று ஆறாவது, ஏழாவது படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சில சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி விடுவார்கள். சாமிக்கு மனைவி என்று பேர். பாட்டும் நடனமும் கற்றுக்கொள்வார்கள். ஆனால் மற்ற பெண்களைப் போல ஒருவரைக் கல்யாணம் செய்து குடும்பம் நடத்த முடியாது. பணக்காரர்களின் தயவில்தான் வாழ வேண்டும். அந்தப் பெண்ணின் மகளுக்கும் அதே கதிதான். அவளைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததில்லை.

ராமாமிர்தம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தனக்குப் பாட்டும் நடனமும் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே திருமணம் செய்துகொண்டார். நம்ம ஊரில் இன்னைக்குக் கூட ஒரு பொண்ணு வேண்டாம்னு சொன்னா எவ்வளவு பேச்சு வரும்னு நமக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலே, அதுவும் ஆதரவே இல்லாத ஒரு பெண் சொன்னது என்றால் சாதாரணமா?

பிறகு அவர் காங்கிரசில் சேர்ந்து கதர் உடுத்தி ஊர் ஊராகப் பேசினார். 1925-ல் மயிலாடுதுறையில் இசை வேளாளர் மாநாடு நடத்தினார். அதே வருடம் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியபோது அவரும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார்.

இந்த இடத்தில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்குங்க. பெரியாரின் குடி அரசு பத்திரிகை 1925 மே மாதம் நம்ம ஈரோட்டில்தான் தொடங்கியது. கோபியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவு தூரம்தான். அந்த வருடக் கடைசியில் அந்தப் பத்திரிகையில் அம்மையார் தன் கதையையே எழுதினார். சிறு வயதில் சொந்தக்காரர்களே தன்னை இந்த வாழ்க்கையில் தள்ளியதையும், சில பெண்களை இப்படி வாழ வைப்பது கடவுள் விதித்தது இல்லை, மதத்தின் பேரைச் சொல்லிச் சுயநலக்காரர்கள் செய்த ஏற்பாடு என்பதையும் வெளிப்படையாக எழுதினார். தன் வாழ்க்கையையே ஊரறியச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1936-ல் அவருடைய நாவல் வந்தது. பெயர் தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர். ஒரு தாயும் அவள் மகள்களும் சேர்ந்து பணக்கார மைனர் ஒருவரை ஏமாற்றிச் சொத்தைக் கறக்கிற கதை. கடைசியில் மைனருக்குப் புத்தி வருகிறது. தமிழ் கொஞ்சம் பழைய தமிழ், வடமொழிச் சொல் நிறைய. நடுவில் பக்கம் பக்கமாக மேடைப் பேச்சு மாதிரியே வரும். பொறுமையாகப் படிக்கணும்.

படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கட்டுரையில் தேவதாசிப் பெண்களுக்காக அவ்வளவு வருத்தப்பட்டவர், கதையில் அவர்களை ஏன் இவ்வளவு மோசமாகக் காட்டுகிறார்? கதையை மட்டும் படித்தவர்கள் எல்லாத் தப்பும் அந்தப் பெண்கள் மேல்தான் என்று நினைத்துவிட மாட்டார்களா? இதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேன். கதையில் அந்த மகள்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பது பெற்ற தாய். அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய தாயாகத்தானே இருக்கணும்? ஏமாற்றுவதைத் தவிர வேறு எதுவுமே கற்றுக்கொடுக்காமல் வளர்த்துவிட்டு, ஏமாற்றுகிறாள் என்று திட்டுவதில் என்ன நியாயம்? கட்டுரை காரணத்தைச் சொல்கிறது, கதை அதன் விளைவைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் முழுசாப் புரியுது. ஆனாலும் கதையில் அந்தப் பெண்கள் மேல் அவர் இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. தமிழம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. மைனர்களைப் பயமுறுத்தித் திருத்தவே அப்படி எழுதினார் என்கிறார்கள். நீங்களும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணப் படை புறப்பட்டது. 42 நாள் நடந்தார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நடந்த ஒரே பெண் அம்மையார். அப்போது அவருக்கு 55 வயது! அந்த நவம்பரில் மறியல் செய்து ஆறு வாரம் சிறையிலும் இருந்தார்.

சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க மசோதா கொண்டு வந்தார். அவர் சட்டசபையில் போராடினார், இவர் தெருவிலும் மேடையிலும் போராடினார். 1947-ல்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து வயதில் கைமாற்றப்பட்ட சிறுமி 64 வயதில் அந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்த்தார். 1949-ல் பெரியாரிடமிருந்து பிரிந்து அண்ணாவின் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962 ஜூன் 27-ல் மறைந்தார்.

1989-ல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அரசு அவர் பெயரை வைத்தது. 2022-ல் அதை மாற்றி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்துக்கு வைத்திருந்த பெயர் படிப்புக்கு வந்தது அம்மையாருக்கு இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன்னா, நம்ம பக்கத்தில் பத்தாவது முடிந்ததும் மில்லுக்கு அனுப்புவதும் மாப்பிள்ளை பார்ப்பதும் இன்னும் நிற்கவில்லை. நம்முடன் படித்த அக்காள் ஒருவர் நல்ல மார்க் எடுத்தும் இப்போது நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறார். எங்கள் வீட்டிலும் அடுத்த வருடத்துக்கு அப்புறம் என்ன என்ற பேச்சு எழுகிறது. என் அம்மிச்சிக்கு அம்மையார் கதையை ராத்திரி ராத்திரி சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, பொட்டப்புள்ளைக்கு என்ன வேணும்னு அவளையும் ஒரு வார்த்தை கேக்கோணும்னு அப்பாகிட்ட சொல்லியிருக்காங்க. அப்பா இன்னும் பதில் சொல்லலை. நான் பன்னிரண்டு வரைக்கும் படிக்கணும், அதுக்கு மேலேயும் படிக்கணும் என்று இந்தச் சுவர்ப் பத்திரிகையில் எழுதி வைக்கிறேன்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் கேட்காமல் முடிவு செய்தால் வாய் திறந்து பேசுங்கள். நம் ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். புத்தகம் இரண்டும் தமிழம்மாவிடம் இருக்கிறது. அடுத்து யார் வாங்கிக்கொள்கிறீர்கள்?



- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்