வீட்டை அடகு வைத்த கல்லூரி முதல்வர். வெண்கலத்துடன் திரும்பிய மாணவர்: கே.டி. ஜாதவின் வாழ்க்கை

மும்பை: சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் பதக்கத்தை வென்று தந்தவர் மல்யுத்த வீரர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் ஒரு கல்லூரி முதல்வரின் அடகு வைக்கப்பட்ட வீடும் இருக்கிறது.

மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில், கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் கிராமத்தில் 1926 ஜனவரி 15 அன்று ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாகேப்பும் மல்யுத்த வீரர். கராட்டில் பள்ளிப் படிப்பை முடித்த மகன், மல்யுத்தத்துக்குப் பெயர்பெற்ற கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரியின் ஆண்டு விளையாட்டு விழாவில் மல்யுத்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சென்றபோது, சிறிய உடல்வாகைக் காரணம் காட்டி விளையாட்டு ஆசிரியர் மறுத்துவிட்டார். ஜாதவ் நேரே முதல்வர் கர்டிகரிடம் முறையிட்டார். முதல்வர் அனுமதி அளித்தார். தம்மைவிட வலிமையான மாணவர்களை ஜாதவ் வீழ்த்தினார். அவருடைய ஒலிம்பிக் பயணத்துக்கு அந்த அனுமதியே முதல் படி.

1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் செலவை கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். மண் களத்திலேயே பழகிய இளைஞருக்கு மேட் விரிப்பும், ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் சர்வதேச விதிகளும் புதியவை. இருந்தும் ஃப்ளைவெயிட் பிரிவில் ஆஸ்திரேலிய, அமெரிக்க வீரர்களை வென்று ஆறாம் இடம் பிடித்தார். ஊர் திரும்பியதும் கூடுதல் எடைப் பிரிவுக்கு மாறி, அடுத்த நான்கு ஆண்டுகள் பயிற்சியில் மூழ்கினார்.

1952 ஹெல்சின்கிக்கான தேர்விலேயே தடை வந்தது. சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்து வழங்கி, கல்கத்தாவின் நிரஞ்சன் தாஸை முன்னிறுத்தியதாக ஜாதவ் கருதினார். பாட்டியாலா மகாராஜாவிடம் நீதி கேட்டார். மறுதேர்வு நடந்தது, அதில் தாஸை வீழ்த்தி அணியில் இடம்பெற்றார்.

அதன்பின் பணம் பெருங்கவலையாயிற்று. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தனர். மாநில அரசிடம் பலமுறை கேட்ட பிறகே சிறு தொகை கிடைத்தது. அப்போதுதான் கர்டிகர் தமது வீட்டை 7,000 ரூபாய்க்கு அடகு வைத்து, முன்னாள் மாணவரின் கையில் அத்தொகையைக் கொடுத்தார். அன்றைய நாளில் 7,000 ரூபாய் என்பது எளிய தொகை அல்ல. ஓர் ஆசிரியருக்கோ அது வாழ்நாள் சேமிப்பு.

ஹெல்சின்கியில் 57 கிலோ எடைப் பிரிவில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை ஜாதவ் வென்றார். பின்னர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயுடன் நீண்ட நேரம் மோதித் தோற்றார். அந்தக் களைப்பு தீருமுன்பே சோவியத் வீரர் ரஷீத் மமத்பெயோவுடன் மோத அழைக்கப்பட்டார். இரு மோதல்களுக்கு இடையே அரை மணி நேர ஓய்வு அளிக்க வேண்டும் என்பது விதி. அதை வலியுறுத்த இந்திய அதிகாரி எவரும் அங்கில்லை என்றே அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். தளர்ந்த நிலையில் களமிறங்கியவர் தோற்றார். இஷீ தங்கமும், மமத்பெயோவ் வெள்ளியும் வென்றனர். ஜாதவுக்குக் கிடைத்தது வெண்கலம்.

கராட் ரயில் நிலையத்தில் 151 மாட்டு வண்டிகள் அவரை வரவேற்றன. கால் மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை ஊர்வலம் ஏழு மணி நேரத்தில் கடந்தது என்பர். ஆனால் ஜாதவ் கடனை மறக்கவில்லை. மல்யுத்தப் போட்டிகள் நடத்தி, வந்த பணத்தில் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955-ல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். 27 ஆண்டுகள் பணியாற்றி உதவி ஆணையராக ஓய்வு பெற்றவர், ஓய்வூதியத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் உயிரிழந்தார்.

அவருக்குப் பின் அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு இந்தியா 44 ஆண்டுகள் காத்திருந்தது. 1996 அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வெண்கலம் வென்றார். ஜாதவுக்கு அர்ஜுனா விருது இறந்து பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு 2010-ல் அவரது பெயர் சூட்டப்பட்டது. பத்ம விருது வழங்க வேண்டும் என்று குடும்பத்தார் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர்.