‘சந்திரலேகா’ வில்லன்... இந்தியிலும் ஹீரோவான லால்குடிக்காரர்! யார் இந்த ரஞ்சன்?

‘சந்திரலேகா’ன்னாலே முரசு நடனமும், அந்த நீண்ட வாள் சண்டையும்தான் ஞாபகம் வரும். அதில் வில்லன் சசாங்கனாக மிரட்டியவர் நம்ம திருச்சிக்காரர்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

1918-ல் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள லால்குடியில் பிறந்தவர் ரஞ்சன். இயற்பெயர் ராமநாராயண வெங்கடரமண சர்மா. நடனம், பாட்டு, எழுத்து, வாள்வீச்சு என எல்லாமே அவருக்குக் கைவந்த கலை.

1941-ல் சினிமாவுக்கு வந்தவரை, 1943-ல் வெளியான ‘மங்கம்மா சபதம்’ நட்சத்திரமாக்கியது. அப்பா, மகன் என அதில் இரட்டை வேடம். 1945-ல் வந்த ‘சாலிவாகனன்’ படத்தில் ஹீரோ இவர்தான், எம்.ஜி.ஆருக்கு அடுத்த இடம்தான்.

1948-ல் எஸ்.எஸ்.வாசன் ‘சந்திரலேகா’வைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட, வடக்கிலும் ரஞ்சனுக்கு மவுசு கூடியது. அடுத்த வருஷமே இந்தி ‘நிஷான்’ படத்தில் மறுபடியும் இரட்டை வேடம். பிறகு இந்திப் படங்களிலேயே பிஸியாகிவிட்டார்.

1957-ல் ‘நீலமலைத் திருடன்’ மூலம் தமிழுக்குத் திரும்பினார். படம் வெற்றிதான். ஆனால், அதற்குள் வாள் சண்டைன்னா எம்.ஜி.ஆர் என்றாகிவிட்டது. இந்தியில் மார்க்கெட் பிடித்தவரால், தமிழில் விட்டுப்போன இடத்தை மறுபடி பிடிக்க முடியவில்லை.

1983-ல் அமெரிக்காவில் காலமானார் ரஞ்சன். அடுத்த முறை டிவியில் ‘சந்திரலேகா’ போட்டால், கிளைமாக்ஸை மிஸ் பண்ணாம பாருங்க. வாளோடு நிற்பது நம்ம லால்குடிக்காரர்!