சுடுதண்ணீர் தேடிய மனிதன்: உடனடி நூடில்ஸைத் தந்த ஆண்டோவின் கதை

கடந்த மாதம் வேலை விடயமாகக் கொழும்புக்குப் போயிருந்தபோது, மச்சான் ஒருவர் என்னை ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ராமென் சாப்பிடலாம் என்றார். எலும்புச் சாற்றில் கோதுமை நூடில்ஸைப் போட்டு, மேலே முட்டையும் இறைச்சித் துண்டும் வைத்துத் தருவதுதான் ராமென். அட்டாளைச்சேனையில் பிறந்தவனுக்கு அங்கே முதலில் வரும் கேள்வி ருசியைப் பற்றியதல்ல. ஜப்பானில் பல கடைகளில் அந்தச் சாற்றைப் பன்றி எலும்பில்தான் காய்ச்சுவார்கள். விசாரித்தோம். கோழிச் சாற்றில் செய்ததும் உண்டு, இறைச்சி ஹலால் என்றார்கள். பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தது.

அந்த ஆவி முகத்தில் பட்டதும் எனக்கு 2004 டிசம்பர் ஞாபகம் வந்தது.

சுனாமி வந்து மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு நிவாரண லொறி ஒன்று வந்தது. ஆளுக்கு இரண்டு நூடில்ஸ் பக்கற் கிடைத்தது. அடுப்பும் இல்லை, காய்ந்த விறகும் இல்லை. நான் அப்போது சிறுவன். பக்கற்றை நொறுக்கி, மசாலாத் தூளைத் தூவிப் பச்சையாகவே தின்றேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பல் இல்லாத என் உம்மம்மாவோ அதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுச் சுவரோரம் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

அந்தப் பக்கற்றை உலகத்துக்குத் தந்தவரும் போரில் எல்லாவற்றையும் இழந்தவர் என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் வாசித்து அறிந்தேன். அவர் பெயர் மொமொஃபுகு ஆண்டோ.

ஆண்டோ பிறப்பால் ஜப்பானியர் அல்லர். ஜப்பானின் ஆட்சியில் இருந்த தாய்வானில் 1910 மார்ச் 5ஆம் திகதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோ பெக் ஹொக். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்துவிட, துணிக்கடை வைத்திருந்த பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். 22 வயதில் சொந்தமாகத் துணி வியாபாரம் தொடங்கி, பிறகு ஜப்பானின் ஒசாகா நகருக்குப் போனார்.

போர்க்காலத்தில் அவர் பங்காளியாக இருந்த தொழிற்சாலையில் இராணுவப் பொருட்கள் காணாமல் போயின. பழி அவர் மேல் விழுந்தது. இராணுவப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய் அடித்துச் சித்திரவதை செய்தார்கள். அந்த நாட்களின் பாதிப்பு அவருடைய வயிற்றில் நெடுங்காலம் இருந்தது. 1945இல் அமெரிக்க விமானங்கள் ஒசாகாவை எரித்தபோது அவருடைய அலுவலகமும் எரிந்தது. போர் முடிந்ததும் தாய்வான் ஜப்பானின் கையை விட்டுப் போக, வாழ்ந்த நாட்டிலேயே அவர் வெளிநாட்டுக்காரர் ஆனார்.

போருக்குப் பிந்திய பட்டினிக் காலத்தில் ஒசாகா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சந்தை இருந்தது. ஒரு குளிர்கால இரவில், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு ராமென் தள்ளுவண்டியின் முன் நீண்ட வரிசை நிற்பதை ஆண்டோ கண்டார். கிழிந்த உடுப்போடு நடுங்கியபடி, ஒரு கிண்ணம் சூடான சாப்பாட்டுக்காக மனிதர்கள் காத்து நின்றார்கள். கிண்ணம் கைக்கு வந்ததும் அவர்கள் முகம் மாறியது. அந்தக் காட்சியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து உதவியாகக் கோதுமை வந்தபோது, ஜப்பானிய அரசு மக்களைப் பாண் சாப்பிடச் சொன்னது. நூடில்ஸ் தின்று பழகிய சனத்துக்கு ஏன் பாண் என்று ஆண்டோ அதிகாரிகளிடம் கேட்டார். அப்படியானால் நீரே ஒரு வழி செய்யும் என்ற தோரணையில் பதில் வந்தது.

அதற்கு உடனே வழி பிறக்கவில்லை. கடற்கரையில் உப்புக் காய்ச்சி, வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குக் கொடுத்த உதவிப் பணத்துக்கு வரி கட்டவில்லை என்று 1948இல் கைதாகி, ஏறக்குறைய இரண்டு வருடம் டோக்கியோவில் சிறையிருந்தார். பின்னர் ஒரு சிறு வங்கிக்குத் தலைவரானார். 1957இல் அது முறிந்தது. இருந்த வீட்டைத் தவிர எல்லாம் போயிற்று. அப்போது வயது 47.

வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு, ஒரு வருடம் அதற்குள்ளேயே கிடந்தார். வெந்நீர் ஊற்றினால் போதும், சாப்பிடலாம். பல மாதம் கெடாமலும் இருக்க வேண்டும். இதுதான் அவர் தேடியது. நூடில்ஸைக் காய வைத்தால் திரும்பச் சரியாக வேகவில்லை. ஒரு நாள் மனைவி மசாகோ மாவில் தோய்த்த மரக்கறியை எண்ணெயில் பொரிப்பதைப் பார்த்தார். கொதி எண்ணெய் மாவிலுள்ள ஈரத்தை வெளியே தள்ள, மாவில் நுண்ணிய துளைகள் விழுந்தன. நூடில்ஸையும் அப்படிப் பொரித்தால், சுடுதண்ணீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே போய் மறுபடி மெதுவாக்கிவிடும். 1958 ஆகஸ்ட் 25ஆம் திகதி சிக்கன் ராமென் கடைக்கு வந்தது. சுடுதண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம்.

கோழியைத் தெரிந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. இந்துக்கள் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பார்கள், முஸ்லிம்கள் பன்றியைத் தொடமாட்டார்கள். கோழியைத் தடுக்கும் மதம் இல்லை என்று அவர் எண்ணினார். எங்களுக்கு அறுத்த விதமும் முக்கியம் என்பது வேறு கதை. ஆனாலும் சாப்பிடுபவன் யார் என்று யோசித்துச் சமைத்திருக்கிறார்.

அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. பசித்தவருக்கென்று நினைத்த அந்தச் சாப்பாடு முதலில் 35 யென்னுக்கு விற்றது. அன்று ஒரு பிடி உடன் நூடில்ஸ் 6 யென்தான். இந்த முறையைத் தாமே முதலில் கண்டதாக உரிமை கோரியவர்களும் உண்டு. அதிலுள்ள உப்பைப் பற்றி வைத்தியர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். பிறகுதான் விலை இறங்கி ஏழைகளின் அடுப்புக்கு வந்தது.

1966இல் அமெரிக்காவுக்குப் போனபோது, கிண்ணம் இல்லாத வியாபாரிகள் நூடில்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவதைக் கண்டார். அதிலிருந்து 1971இல் கப் நூடில்ஸ் பிறந்தது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதற்கெல்லாம் பின்னால் வருகிறது. 1995 ஜனவரியில் கோபே நகரைப் பூமியதிர்ச்சி தாக்கி ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆண்டோவுக்கு வயது 84. அவருடைய நிறுவனம் நூடில்ஸோடு, தண்ணீர் கொதிக்க வைக்கும் வசதி கொண்ட வாகனத்தையும் அங்கே அனுப்பியது. மக்கள் கையில் போய்ச் சேர்ந்தது சூடான சாப்பாடு.

2007 ஜனவரி 5ஆம் திகதி, 96ஆவது வயதில் ஆண்டோ காலமானார். அதே மாதத்தில்தான் வாகரையிலிருந்து வெளியேறிய சனங்கள் மட்டக்களப்பு முகாம்களில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். அதற்கு இரண்டு வருடங்கள் கழித்து வன்னிச் சனங்களும் செட்டிக்குளத்தில் முட்கம்பிக்குப் பின்னால் அப்படித்தான் நின்றார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஆயிரம் கசப்பு இருந்தாலும், அந்த வரிசையில் நிற்பது எப்படியென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் வருகிறது. எங்கள் ஊர் இளைஞர்கள் நிவாரணப் பொதி கட்டும்போது, நூடில்ஸ் பெட்டிகள்தான் முதலில் லொறியில் ஏறும். சென்ற மாரியில் நானும் சேர்ந்து கட்டினேன். இரண்டு காஸ் அடுப்பும் பெரிய கேத்தல் ஒன்றும் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எதற்கென்று கேட்டார்கள். உம்மம்மாவின் கதையைச் சொன்னேன். பேசாமல் ஏற்றினார்கள்.