அறிஞர் ஹால்டேன்

ஆந்திர மண்ணில் குடியேறி வாழும் நாயுடுபேட்டைத் தமிழர்களாகிய நாம், இம்மண்ணுக்குத் தம் உடலையே ஈந்த அறிஞர் ஒருவரை இவ்வாண்டு விழாவில் நினைவுகூர்கிறோம்.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். சுண்டெலிகளில் இரு பண்புகள் பெரும்பாலும் பிணைந்தே வழிவழி இறங்குவதைத் தங்கையோடும் நண்பர் ஸ்ப்ரண்டோடும் கண்டார். 1915இல் அம்முடிவு வெளிவருமுன் நண்பர் போரில் மாண்டார். குரோமோசோம் இணைகள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது, அருகருகே உள்ள ஜீன்கள் அரிதாகவே பிரியும். அப்பிரிவின் அளவைக் கொண்டு ஜீன்களின் இடைத்தொலைவைக் கணிக்கும் சூத்திரத்தை 1919இல் தந்தார்.

1957இல் இந்தியா வந்து, பின் குடிமகனும் ஆனார். 1964 டிசம்பர் 1இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

புகுந்த மண்ணுக்கு நாம் ஈவது யாது?