ஏடு தேடிய குரு: எஸ். ஜி. பெரேரா அடிகளார்



இரத்தினபுரிப் பக்கம் போனால் சமன் தெய்வத்தின் பழைய கோயிலில் ஒரு கற்சிற்பத்தைக் காண்பீர்கள். போர்த்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்தி நிற்கிறான். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் கைப்பற்றி, அங்கே தங்கள் கோட்டையையும் நம் சபையின் ஆலயத்தையும் எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட சங்கதிகளை மூடி மறைக்காமல் நமக்கு எடுத்துத் தந்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவே என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர்தாம் இயேசு சபையைச் சேர்ந்த எஸ். ஜி. பெரேரா அடிகளார். 1882இல் பிறந்து 1950இல் மறைந்தவர். 1893இல் ஏற்பட்ட காலி மேற்றிராசனம் பெல்ஜிய நாட்டு இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலி, மாத்தறைக் கடற்கரை மட்டுமல்ல, இரத்தினபுரி, கேகாலை மலைகளும் நம் தோட்டங்களும் அதற்குள் அடங்கியிருந்தன. ஆகவே அடிகளார் ஆராய்ந்த தென்கரைச் சரித்திரம் நமக்கு அயலார் கதையன்று.

அவருடைய பெரும் பணி கெய்ரோஸ் பாதிரியாரின் நூலை ஆங்கிலமாக்கியது. கோவாவில் இருந்த இந்தப் பாதிரியார் இலங்கை மண்ணை மிதிக்காமலே, கண்டவர் சொல்லையும் கடிதங்களையும் திரட்டி, 1687இல் இலங்கைச் சரித்திரத்தை எழுதி முடித்தார். மறு வருடமே காலமானார். நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி பிரேசில் நாட்டு ரியோ நகர நூலகத்தில் கிடந்தது. அதன் நகலைக் கொண்டு 1916இல் கொழும்பில் போர்த்துக்கேய மொழியிலேயே அச்சிட்டார்கள். யார் படிப்பது? வாக்கியங்களோ பக்கக்கணக்கில் சுழன்று போகும். அடிகளார் பொறுமையோடு உட்கார்ந்து முழுவதையும் பெயர்த்தார். 1930இல் மூன்று பெரிய பாகங்களாக அது வெளிவந்தது.

நூலில் நம் சபைக்குப் பெருமை தருவதும் உண்டு, தலைகுனிய வைப்பதும் உண்டு. போர்த்துக்கேயர் இலங்கையை இழந்ததற்கு அவர்களுடைய பேராசையும் கொடுமையுமே காரணம், அது தேவ தண்டனை என்று கெய்ரோஸே எழுதிவிட்டார். விரும்பாததை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பது எளிது. அடிகளார் அப்படிச் செய்யவில்லை. என் கணிப்பில் அவருடைய குருத்துவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கென அவர் எழுதிய இலங்கைச் சரித்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். போர்த்துக்கேயர் கால நிலப்பதிவேடான தோம்பு ஒன்றையும் 1938இல் வெளியிட்டார். எந்த ஊர், எவ்வளவு நிலம், யார் கையில், என்ன வரி என்று எழுதிய ஏடு அது. வெறும் கணக்குத்தானே என்று நினைக்காதீர்கள். செக்ரோலில் பேர் இருக்கிறதா இல்லையா என்பது என்ன பாடுபடுத்தும் என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடிகளாரின் கடைசி ஆண்டுகளில்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம் மக்கள் பாட்டன் பிறந்த ஊருக்கும் தாங்கள் வாழ்ந்த வருடங்களுக்கும் காகிதம் தேடி அலைந்தார்கள்.

வாழ்நாளின் பிற்பகுதியில் அவர் மனம் யோசேப் வாஸ் அடிகளாரிடம் சென்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விலக்கி வைத்திருந்த காலத்தில், 1687இல், கூலிக்காரர் வேடத்தில் கரையேறியவர் வாஸ். கெய்ரோஸ் பேனாவைக் கீழே வைத்த அதே வருடம்! தமிழையும் சிங்களத்தையும் கற்று, கண்டியில் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையிருந்து, 1711இல் அங்கேயே உயிர்நீத்தார். அவரோடு உழைத்த குருக்களின் கடிதங்களைத் தேடி ஆங்கிலத்தில் தந்தார் பெரேரா அடிகளார். 1940களில் வாஸின் வரலாற்றையும் விரிவாக எழுதி வெளியிட்டார். புதுமைகளை மட்டும் அடுக்கி எழுதப்பட்ட புத்தகமன்று அது. எந்த ஊருக்கு எப்போது போனார், யார் இடங்கொடுத்தார், யார் காட்டிக் கொடுத்தார் என்று ஏட்டைக் காட்டி நடக்கிற புத்தகம்.

1995 ஜனவரியில் கொழும்பில் வாஸ் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அதே வருடம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் காலியிலிருந்து பிரிந்து தனி மேற்றிராசனமாயின. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெரேரா அடிகளார் மறைந்து அறுபத்தைந்து வருடங்கள் ஆகப்போயிருந்தன.