செம்மிளகாயில் கிடைத்த செல்வம்

நறுக்கி வைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. நறுக்கிய எலுமிச்சையோ அங்ஙனம் கறுப்பதில்லை. அடுக்களையில் நாள்தோறும் நிகழும் இதனைக் காணாதார் இலர். ஆயினும், இதன் காரணம் யாது என்று ஆராயப் புகுந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், உருளைக்கிழங்கும் பேரிக்காயும் கறுப்பதைக் கண்டு ஆராயத் தொடங்கி, மக்களினத்திற்குப் பெருநன்மை விளைத்தார். அவரே ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி ஆவார்.

அவர் 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அவருடைய தாயின் குடும்பம் அறிவியல் அறிஞர் பலரை ஈன்ற குடும்பம். எனினும், இளமையில் அவர் கல்வியில் நாட்டம் இலராய் இருந்தார். உடற்கூற்று நூலில் வல்லவரான மாமன், இவன் ஆராய்ச்சிக்கு ஏற்றவன் அல்லன் என்றே எண்ணினார். பின்னர் அறிவு வேட்கை தோன்றவே, ஜியார்ஜி ஊன்றிக் கற்று மருத்துவக் கல்லூரி புகுந்தார். முதல் உலகப் போர் அவரைப் படைக்கு இழுத்துச் சென்றது. போரின் கொடுமையை நேரிற்கண்டு வெறுத்த அவர், 1917இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

போருக்குப் பின் வறுமை அவரை நாடு நாடாக அலைக்கழித்தது. இறுதியில் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் நகரை அடைந்து, செடிகொடிகள் மூச்சுயிர்க்கும் வகையை ஆராய்ந்தார். காய்களில் பாலிஃபீனால் என்னும் பொருள்கள் உள்ளன. காயை அரிந்ததும் அவை ஒருவகை நொதியின் துணையால் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிக் கருநிறம் அடைகின்றன. எலுமிச்சை முதலியவற்றிலோ அம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மிக்க பொருள் ஒன்று உண்டு என அவர் உணர்ந்தார். மாட்டின் சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பியிலும் அத்தகைய பொருள் இருத்தலைக் கண்டார்.

அந்நிலையில் அவருக்குத் துணைநின்ற பேராசிரியர் மறைந்தார், ஊதியமும் அற்றது. மனம் உடைந்த அவர், 1926இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய அறிஞர் பேரவைக்குச் சென்றார். ஆங்கு இங்கிலாந்துப் பேரறிஞர் ஹாப்கின்ஸ், தம் உரையில் ஜியார்ஜியின் ஆராய்ச்சியைப் பாராட்டினார்; பின்னர் அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கும் அழைத்துக்கொண்டார். உரிய வேளையில் கிடைத்த ஒரு பாராட்டு, அணையவிருந்த விளக்கிற்கு வார்த்த எண்ணெய் ஆயிற்று. கேம்பிரிட்ஜில் அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்த அவர், அதற்கு ஹெக்சூரானிக் அமிலம் என்று பெயரிட்டார்.

தாய்நாடு திரும்பிய அவர், செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பல்லீறுகளில் குருதி கசியச் செய்து உயிரையும் வாங்கும் ஸ்கர்வி நோயைத் தடுப்பது வைட்டமின் ‘சி’ என்னும் உயிர்ச்சத்து. மனிதரைப் போலவே கினிப் பன்றிகளும் அச்சத்தைத் தம் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதவை. ஆதலின், ஸ்விர்பெலி என்னும் இளம் அறிஞர் அவற்றிற்கு ஹெக்சூரானிக் அமிலத்தைக் கொடுத்துச் சோதித்தார். அவை நோயின்றி வாழ்ந்தன. அவ்வமிலமே அவ்வுயிர்ச்சத்து என்பது 1932இல் விளங்கிற்று. அமெரிக்க அறிஞர் கிங் என்பவரும் அவ்வாண்டிலேயே இவ்வுண்மையை வெளியிட்டார்.

ஆயினும், மேலும் ஆராய அச்சத்துப் போதிய அளவில் கிட்டவில்லை. ஒருநாள் இரவு ஜியார்ஜியின் மனைவியார் உணவோடு செம்மிளகாய் படைத்தார். அதனை உண்ண விரும்பாத ஜியார்ஜிக்கு, அதனைச் சோதித்ததில்லையே என்ற எண்ணம் உதித்தது. உடனே ஆராய்ச்சிக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். நள்ளிரவிற்குள் அது உயிர்ச்சத்தின் களஞ்சியம் எனக் கண்டார். செகெட் நகரமோ செம்மிளகாய்க்குப் பெயர்பெற்றது! உலகெங்கும் தேடிய பொருள் ஊரின் வயல்களிலேயே குவிந்து கிடந்தது. கிடைத்த சத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, பிறநாட்டு அறிஞர்க்கும் பகிர்ந்தளித்தார்.

1936இல் அவரும் ருஸ்னியாக் என்பவரும் எலுமிச்சையிலிருந்து வேறொரு பொருளைப் பிரித்தனர். நுண்ணிய குருதிக் குழாய்களை வலுப்படுத்துவதாகத் தோன்றிய அதற்கு, ஆங்கில எழுத்து ‘P’-ஐக் கொண்டு வைட்டமின் ‘P’ என்னும் பெயர் இடப்பட்டது. இன்று அது ஃப்ளேவனாய்டு என்னும் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்ததென அறியப்படுகிறது. பிற்காலச் சோதனைகளில், அஃது இன்மையால் மட்டும் வரும் நோய் எதுவும் காணப்படவில்லை. ஆதலின், 1950இல் அமெரிக்க அறிஞர் குழு அவ்வுயிர்ச்சத்துப் பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. பெயர் நீங்கினும் ஆராய்ச்சி நீங்கவில்லை. வெங்காயத்திலும் தேயிலையிலும் நாவற்பழத்திலும் கத்தரிக்காயின் தோலிலும் உள்ள இத்தகைய பொருள்கள் குருதிக் குழாய்களுக்கு எவ்வாறு உதவுகின்றன என அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர்.

1937இல் ஜியார்ஜிக்கு நோபல் பரிசு கிடைத்தது. போரால் வருந்திய பின்லாந்து மக்களுக்கு உதவ, அப்பொற்பதக்கத்தையே அவர் ஈந்தார். இரண்டாம் உலகப் போரில் இட்லரை எதிர்த்தமையால் தலைமறைவாய் வாழ நேர்ந்தது. 1947இல் அமெரிக்கா சென்று, முதுமையிலும் ஓயாது உழைத்து, 1986ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் தம் தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறைந்தார்.

காயும் கனியும் கீரையும் எளிய உணவுகளே; அவற்றுள் அடங்கிய செல்வமோ பெரிது. அதனை அறிய வேண்டுவன கூர்ந்த நோக்கும், சோதித்தன்றி எதனையும் உண்மையென ஏற்காத உறுதியுமே. இவ்விரண்டும் வாய்ந்தோர்க்கு அடுக்களையும் ஆராய்ச்சிக்கூடமே ஆகும்.