சிறிமாவோ பண்டாரநாயக்கா

சிறிமாவோ ரத்வத்த டயஸ் பண்டாரநாயக்கா (ஏப்ரல் 17, 1916 – அக்டோபர் 10, 2000) இலங்கையின் அரசியல்வாதியும் உலகின் முதலாவது பெண் பிரதமரும் ஆவார். 1960–65, 1970–77, 1994–2000 ஆகிய காலப்பகுதிகளில் மூன்று முறை பிரதமர் பதவி வகித்தார். வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் ஏகபோகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது, 1971இல் பாகிஸ்தானிய விமானங்களுக்குக் கொழும்பில் எரிபொருள் நிரப்ப இடமளித்தது ஆகிய இரண்டும் இவரது ஆட்சியின் பெரும் சர்ச்சைகளுள் அடங்கும்.

இளமையும் அரசியல் நுழைவும்

இரத்தினபுரியில் கண்டியப் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பார்ன்ஸ் ரத்வத்த. கொழும்பு புனித பிறிஜட் கன்னியர் மடத்தில் கல்வி பயின்றார். 1940இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவை மணந்தார். இவர்களுக்கு சுனேத்திரா, சந்திரிகா, அனுரா என மூன்று பிள்ளைகள். கணவர் அரசியலில் ஈடுபட்டிருந்த காலத்தில் இவர் கிராமப்புற மகளிர் அமைப்பான லங்கா மகிலா சமித்தியில் பணியாற்றினார்.

1956இல் பிரதமரான கணவர் 1959 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே இவர் இலங்கை சுதந்திரக் கட்சியின் தலைமையை ஏற்றார். 1960 ஜூலைத் தேர்தலில் அக்கட்சி வெற்றி பெற, ஜூலை 21 அன்று பிரதமரானார். அவர் அத்தேர்தலில் போட்டியிடவில்லை. செனட் சபை உறுப்பினராக இருந்தே ஆட்சி நடத்தினார்.

சிங்களம் மட்டும் சட்டத்தை 1961 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்த இவரது அரசு முற்பட்டபோது, தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் சத்தியாக்கிரகம் நடத்தியது. அரசு அவசரகாலச் சட்டத்தையும் இராணுவத்தையும் கொண்டு அதனை அடக்கியது. ஈழத் தமிழர் நினைவில் சிறிமாவோவின் ஆட்சி முதலில் இந்நிகழ்வோடுதான் இணைத்துப் பார்க்கப்படுகிறது.

எண்ணெய்க் கம்பனிகளுடனான மோதல்

அக்காலத்தில் இலங்கைக்குத் தேவையான எண்ணெய் முழுவதும் இறக்குமதி செய்யப்பட்டது. ஷெல், எசோ, கால்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளே அதனைக் கொண்டுவந்து, சேமித்து, விற்றன. கொலன்னாவைச் சேமிப்புத் தாங்கிகளும் நாடெங்கும் இருந்த விற்பனை நிலையங்களும் அவற்றின் கைகளில் இருந்தன. மலிவான எண்ணெய் வேறிடத்தில் கிடைத்தாலும் அதனை இறக்கி வைக்கவோ விற்கவோ அரசுக்கு இடமில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1960இல் சோவியத் மசகு எண்ணெயைச் சுத்திகரித்துத் தருமாறு இந்திய அமைச்சர் கே. டி. மாளவியா கேட்டபோது, இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலைகள் வைத்திருந்த மேலைநாட்டுக் கம்பனிகள் மறுத்துவிட்டன. அதே ஆண்டு கியூபாவிலும் இவ்வாறே நடந்தது. அங்கே ஆலைகள் நாட்டுடைமையாயின.

இலங்கையில் வர்த்தக அமைச்சர் டி. பி. இலங்கரத்தின இதற்குப் பொறுப்பாக இருந்தார். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1962இல் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி கையகப்படுத்தப்பட்டது. சோவியத் ஒன்றியம், ருமேனியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவற்றிலிருந்து எண்ணெய் தருவிக்கப்பட்டது. 1964 ஜனவரி முதல் உள்நாட்டு விற்பனை முழுவதும் கூட்டுத்தாபனத்திடம் வந்தது.

நட்டஈடு எவ்வளவு, எப்போது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. அமெரிக்கக் கம்பனிகளின் சொத்தைப் பறித்து உரிய காலத்தில் ஈடு செய்யாத நாட்டுக்கு உதவி வழங்கக் கூடாது என்னும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் 1962இல் அமெரிக்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. 1963 பெப்ரவரியில் அது முதன்முதலாக இலங்கை மீது பயன்படுத்தப்பட்டு, அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. வேறெந்தப் பெரிய நாட்டிலும் அல்லாமல் இச்சிறு தீவில் அச்சட்டம் சோதிக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. சிறிமாவோ பின்வாங்கவில்லை. 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனநாயக்காவின் அரசே நட்டஈட்டு உடன்பாட்டைச் செய்து உதவியை மீட்டது. ஆயினும் அவ்வரசும் எண்ணெய் விற்பனையைக் கம்பனிகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலை 1969இல் அவ்வாட்சியிலேயே இயங்கத் தொடங்கியது.

அயலுறவு

1962 இந்திய–சீனப் போரின்போது சிறிமாவோ எந்த நாட்டையும் ஆக்கிரமிப்பாளர் என்று கூறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டி, அதன் முன்மொழிவுகளுடன் பீக்கிங்கிற்கும் டெல்லிக்கும் சென்றார். 1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்த உடன்பாடு மலையகத் தமிழரின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

1971: எரிபொருள் நிரப்பும் உரிமை

1970 மே மாதத் தேர்தலில் இடதுசாரிகளுடன் கூட்டணி அமைத்து சிறிமாவோ மீண்டும் பிரதமரானார்.

1971 ஜனவரி 30 அன்று இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு அங்கே எரிக்கப்பட்டது. இதனையடுத்து பெப்ரவரி 4 முதல் தன் வான்பரப்பில் பாகிஸ்தானிய விமானங்கள் பறப்பதை இந்தியா தடை செய்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்வழி மூடப்பட்டதால், விமானங்கள் இந்தியத் தீபகற்பத்தைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. பயணத் தொலைவு ஏறத்தாழ இரு மடங்கானது. இடையில் எரிபொருள் நிரப்பப் பொருத்தமான இடம் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படைத் தளமாக அமைக்கப்பட்ட இவ்விடம், 1957இல் சிறிமாவோவின் கணவர் ஆட்சியில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

1944ஆம் ஆண்டின் சிக்காகோ ஏற்பாடுகள் குடிசார் விமானங்களுக்கும் அரசு விமானங்களுக்கும் இடையே தெளிவான கோடு வரைகின்றன. குடிசார் விமானம் பயணிகளை ஏற்றாமல் இறக்காமல் எரிபொருளுக்காக மட்டும் தரையிறங்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழமை. படைத்துறை விமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். இலங்கை அரசு தான் இடமளிப்பது குடிசார் சேவைக்கே என்றும், அண்டை நாடுகளின் பிணக்கில் தான் ஒரு தரப்பு அல்ல என்றும் நிலைப்பாடு எடுத்தது.

சட்டப்படி இந்நிலைப்பாடு வலுவானதே. ஆனால் மார்ச் 25 அன்று டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய பின் அதன் பொருள் மாறியது. பாகிஸ்தானின் 9ஆம், 16ஆம் காலாட்படைப் பிரிவுகள் பாகிஸ்தான் சர்வதேச விமான சேவையின் பயணிகள் விமானங்களிலேயே கிழக்குக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கனரக ஆயுதங்கள் மேற்கிலேயே விடப்பட்டன. விமானம் குடிசார் விமானம்தான். இருக்கைகளில் இருந்தோர் படையினர். குடிசார் விமானம் என்ற பெயரைக் கடந்து உள்ளே இருப்பது யாரென்று கேட்கும் கடமை எரிபொருள் தரும் நாட்டுக்கு உண்டா என்பதே இச்சர்ச்சையின் மையம். இந்தியா தன் ஆட்சேபத்தைக் கொழும்புக்குத் தெரிவித்தது.

இதே வேளையில் ஏப்ரல் 5 அன்று மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. சிறிமாவோ பல நாடுகளிடம் உதவி கோரினார். இந்தியா உலங்கு வானூர்திகளையும் போர்க்கப்பல்களையும் அனுப்பியதோடு, கட்டுநாயக்கா விமான நிலையத்தின் காவலுக்குப் படையினரையும் தந்தது. பாகிஸ்தானும் உலங்கு வானூர்திகளை அனுப்பியது. பாகிஸ்தானிய விமானங்கள் எரிபொருள் நிரப்பிச் சென்ற அதே நிலையத்தை இந்தியப் படையினர் காத்து நின்றனர் என்பது அவ்வாண்டின் விசித்திரங்களுள் ஒன்று. இருவரிடமும் உதவி பெற்ற அரசு எவர் முகத்தையும் முறிக்க இயலாத நிலையில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கிழக்கு வங்காள மக்கள் கொல்லப்பட்டுக் கொண்டிருந்தபோது நடுநிலை என்பது ஒரு தரப்புக்கே பயன்பட்டது என்ற விமர்சனமும் நியாயமானதே.

வான்வழித் தடை தொடர்பில் பாகிஸ்தான் சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் முறையிட்டது. அதனை விசாரிக்க அவ்வமைப்பின் அவைக்கு அதிகாரமில்லை என்ற இந்தியாவின் மேன்முறையீட்டை, ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் 1972 ஆகத்தில் 14க்கு 2 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அதற்குள் வங்காளதேசம் தனிநாடாகிவிட்டது. இரு நாடுகளுக்கிடையே வான்வழி 1976இல் மீண்டும் திறக்கப்பட்டது.

டிசம்பர்ப் போரின்போது போர்நிறுத்தத்தையும் படை விலக்கத்தையும் கோரிய ஐ. நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது; இந்தியா எதிர்த்தது. இந்தியப் பெருங்கடலை அமைதி வலயமாக்கும் சிறிமாவோவின் முன்மொழிவைப் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நாள் டிசம்பர் 16, 1971. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாளில்தான். 1972 மார்ச்சில் இலங்கை வங்காளதேசத்தை அங்கீகரித்தது.

இந்தியாவுடனான உறவு நெடுநாள் கெட்டிருக்கவில்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியுடன் செய்த உடன்பாட்டின்படி கச்சதீவு இலங்கைக்குச் சென்றது. கொழும்பு பிற வல்லரசுகளின் பக்கம் சாய்வதை இந்தியா விரும்பாததும் இதற்கு ஒரு காரணம் என்பர். தமிழ்நாட்டு மீனவர்க்கு அதன் விளைவு இன்றும் தொடர்கிறது.

பிற்காலம்

1972இல் புதிய அரசியலமைப்பின் மூலம் நாடு குடியரசானது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிய அவ்வரசியலமைப்பும், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் தமிழ் இளைஞரை மாற்றுவழி தேடச் செய்தன. 1973இல் உலக எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, இறக்குமதியை நம்பிய தீவு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். கம்பனிகளை வெளியேற்றிய சட்டத்தால் விலையை வெளியேற்ற முடியவில்லை. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகள் மட்டும் நல்ல வருவாய் கண்டனர்.

1976 ஆகத்தில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்தினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் படுதோல்வியடைந்தார். 1980இல் ஜே. ஆர். ஜெயவர்தனா அரசு இவரது குடியியல் உரிமைகளைப் பறித்தது. 1986இல் அவை மீளளிக்கப்பட்டன. 1994இல் மகள் சந்திரிகா குமாரதுங்க சனாதிபதியானதும் மூன்றாம் முறையாகப் பிரதமரானார். 2000 ஆகத்தில் பதவி விலகினார். அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் கடவத்தையில் காலமானார்.